பணம் பேசும் படங்களில் வழுவும் வழுவமைதியும்

விருதுநகர்ச் சந்தையில் உளுந்தும் துவரையும் மிளகாய் வற்றலும் நல்லெண்ணெயும் என்ன விலைக்கு விற்றன என்பதைத் தமிழ் நாளிதழ்கள் நெடுங்காலமாக வெளியிட்டு வருகின்றன. அந்நிலவரத்தில் ஓர் இலக்கம் முன்பின்னாக மாறி அச்சேறுமாயின், சரக்கு ஏற்றக் காத்திருக்கும் வணிகர் அன்றைக்கே வினவத் தொடங்கிவிடுவர். அத்துணைக் கணக்கறிந்த மக்களே மாலையில் திரையரங்கிற்குச் சென்று, கோடிக்கணக்கான ரூபாய் கடல் கடந்து பறந்து வெண்பணமாய் மீள்வதைக் கண்டு, அஃது எங்ஙனம் கூடும் என்று ஒரு வினாவும் எழுப்பாது கைதட்டி வீடு திரும்புகின்றனர். பருப்பு விலையில் காட்டும் விழிப்பைக் கோடியின் கணக்கிற் காட்டாமைக்குக் காரணம் யாது? படம் கதைதானே, கதையிற் பிழை காணலாமோ என்பர் சிலர். கதையிற் பிழை காணும் முறையை நம் முன்னோர் நூலாகவே செய்து வைத்திருக்கின்றனர். அந்நூல்களைத் துணைக்கொண்டு, வங்கியையும் பங்குச்சந்தையையும் கருப்புப் பணத்தையும் பொருளாகக் கொண்ட சில படங்களை ஈண்டு நோக்குவோம்.

நன்னூல் செய்த பவணந்தியார் நூலுக்கு ஆகாதன என்று பத்துக் குற்றங்களை எண்ணினார். அவற்றுள் ஒன்று மாறுகொளக் கூறல். முன்னர்ச் சொன்னதனோடு பின்னர்ச் சொன்னது முரணி நிற்றல் என்பது அதன் பொருள். தண்டியலங்காரம் செய்யுளின் வழுக்களைத் தொகுக்குமிடத்து இதனை மாறுபடு பொருண்மொழி என்று பெயரிட்டு அமைத்தது. அவ்வளவில் நில்லாது, இடமலைவு, காலமலைவு, கலைமலைவு, உலகமலைவு, நியாயமலைவு, ஆகமமலைவு என மலைவுகள் ஆறனையும் கூறிற்று. மலைவு என்பது மாறுபாடு. ஒரு நாட்டில் இல்லாத பொருளை அந்நாட்டில் உளதாகப் பாடினால் இடமலைவு. காலையில் மலரும் பூவை மாலையில் மலரவிட்டால் காலமலைவு. இசை முதலிய கலைகளின் இலக்கணத்திற்கு மாறாயின் கலைமலைவு. உலகத்து இயல்பிற்கு மாறாயின் உலகமலைவு. ஆகமமலைவு என்னுமிடத்து ஆகமம் என்றது ஒழுக்கம் விதிக்கும் அறநூல்களை. இக்காலத்துச் சட்டங்களை அவற்றின்பாற் படுத்துக்கோடல் பொருந்தும். கணக்கியலைக் கலையென்று கொள்வதற்கும் தடையில்லை. எங்கள் ஊர்ப்பக்கத்தில் அதனைக் கலையென்று ஒப்பாதார் இல்லை!

இவ்விருவகைக் குற்றங்களுக்கும் இடையே ஒரு பெரிய வேற்றுமை உண்டு. மாறுகொளக் கூறலைக் கண்டறிய அந்நூல் ஒன்றே போதும். அதன் முற்பகுதியையும் பிற்பகுதியையும் ஒருங்கு வைத்துப் பார்த்தால் முரண் தானே தோன்றும். மலைவைக் கண்டறிய நூல் மட்டும் போதாது. நூலுக்குப் புறத்தேயுள்ள உலகத்தை அறிந்திருத்தல் வேண்டும். உலகமறியாதார்க்கு மலைவு மலைவாகவே தோன்றாது. அவர் அதனை மெய்யென்று கொண்டு செல்வர். இவ்வேற்றுமையே இக்கட்டுரைக்கு அச்சாணி.

முதலாவது வகையை முன்னே நோக்குவோம். மேடை நாடகம் முதற்காட்சி தொட்டு இறுதிக்காட்சிவரை ஒழுங்காக நடிக்கப்படுவது. திரைப்படமோ இடவசதியும் நடிகர் வசதியும் நோக்கி, முடிவு முதலிலும் முதல் முடிவிலுமாகத் துண்டு துண்டாக எடுக்கப்பட்டுப் பின்னர்க் கோக்கப்படுவது. ஒரே உரையாடலைப் பல கோணங்களில் பல முறை நடிக்கச் செய்து, இங்கொரு துண்டும் அங்கொரு துண்டுமாகத் தேர்ந்து ஒட்டுவர். இடையே ஒரு பகலோ ஒரு திங்களோ கழிந்திருக்கலாம். ஆகவே கையிலிருந்த குவளை நிறைந்தும் குறைந்தும் தோன்றும். சட்டைப் பொத்தான் பூட்டியும் திறந்தும் காணப்படும். இதனைக் காப்பதற்கென்றே படப்பிடிப்பில் ஓர் உதவியாளர் குறிப்புப் புத்தகத்துடன் நின்று, எந்தத் துண்டில் எந்தப் பொருள் எங்கிருந்தது என்று எழுதி வருவார். எழுதியும் தப்பிவிடும் பிழைகள் உண்டு.

அவற்றுள் பெயர்பெற்றது ஒன்று. ஃபிராங்க் காப்ரா இயக்கி 1946-ஆம் ஆண்டு வெளிவந்த ‘இட்ஸ் எ வொண்டர்ஃபுல் லைஃப்’ என்னும் அமெரிக்கப் படத்தில், ஒரு சிற்றூரில் வீடு கட்டக் கடன் கொடுக்கும் சேமிப்புச் சங்கத்தை நடத்தும் ஜார்ஜ் பெய்லி கிறிஸ்துமஸுக்கு முந்திய நாளில் ஒரு மலர்வளையத்தைக் கையில் மாட்டிக்கொண்டு அலுவலகத்திற்கு வருகின்றார். தம்பியிடமிருந்து வந்த தொலைபேசிக்குப் பேசும்பொருட்டு அவ்வளையத்தை அப்பால் எறிகின்றார். அடுத்த துண்டில் அது அவர் கையிலேயே மீண்டும் தொங்குகின்றது. மாறுகொளக் கூறலுக்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டுவதில்லை.

ஆயினும் அப்படத்தின் பணக்கணக்கை நோக்குமின். ஊரில் அச்சம் பரவி மக்கள் திரண்டு வந்து தம் பணத்தை உடனே தருக என்று கேட்கும்போது, ஜார்ஜ் அவர்களை நோக்கி, உங்கள் பணம் இங்கே பெட்டியில் இல்லை, உங்கள் அயலாரின் வீடுகளிலே சுவராகவும் கூரையாகவும் நிற்கின்றது என்னும் கருத்துப்படப் பேசுகின்றார். கடன் கொடுக்கும் எந்த நிலையத்திற்கும் இதுவே உண்மை. வாங்கிய வைப்புத்தொகை முழுவதையும் ரொக்கமாக வைத்திருக்கும் வங்கி உலகில் இல்லை. எல்லோரும் ஒரே நாளில் கேட்டால் எந்த வங்கியும் நில்லாது என்பதை அக்காட்சி பிழையின்றிக் கற்பிக்கின்றது. ஜார்ஜும் மனைவியும் தேன்நிலவுப் பயணத்திற்கு வைத்திருந்த 2000 டாலரைப் பிரித்துக் கொடுத்து, மாலையிற் கதவடைக்கும்போது 2 டாலர் எஞ்சுகின்றது. அவசியத்திற்கு மட்டும் கேளுங்கள் என்று அவர் வேண்ட, ஒரு பெண்மணி 17 டாலர் 50 சென்டு போதும் என்கின்றார். அச்சத்தின் கணக்கும் நம்பிக்கையின் கணக்கும் அந்த ஐம்பது சென்டில் அடங்கியிருக்கின்றன. நம் நாட்டினர்க்கும் இவ்வச்சம் புதிதன்று. சென்னையில் அர்பத்நாட் கம்பெனி 1906 அக்டோபர் 22-ஆம் நாள் கதவடைத்தபோது ஆயிரக்கணக்கானோர் சேமிப்பை இழந்தனர். அவ்வீழ்ச்சியின் பின்னரே 1907-இல் இந்தியன் வங்கி தோன்றிற்று. மலர்வளையத்தில் தவறிய காப்ரா வங்கியிற் தவறவில்லை என்பதை நினைவிற் கொள்க.

காலமலைவுக்கு ஆலிவர் ஸ்டோன் இயக்கிய ‘வால் ஸ்ட்ரீட்’ எடுத்துக்காட்டாகும். அப்படம் வெளிவந்தது 1987 டிசம்பரில். கதை நிகழும் ஆண்டு 1985 என்று திரையிலேயே எழுதிக் காட்டப்படுகின்றது. அதன் பின்னர் ஒரு தரகர், கோர்டன் கெக்கோ என்னும் பெருஞ்செல்வனின் கல்நெஞ்சத்தை விளக்கும்பொருட்டு, சேலஞ்சர் விண்ணூர்தி வெடித்த அரை நிமிடத்திற்குள் நாசாவின் பங்குகளை அவன் விற்கச் சொன்னான் என்கின்றார். சேலஞ்சர் வெடித்து எழுவர் மாண்டது 1986 ஜனவரி 28-ஆம் நாள். 1985-இல் வாழும் ஒருவர் வருமாண்டின் விபத்தைச் சென்ற காலத்தில் வைத்துப் பேசுதல் இறந்தகாலத்தையும் எதிர்காலத்தையும் மயக்கிய வழுவாகும். வியப்பு யாதெனின், வழு அவ்வுரையாடலில் இல்லை. திரையில் எழுதிய ஆண்டெண்ணில் இருக்கின்றது. 5 என்னும் ஓரிலக்கம் 6 ஆயிருப்பின் இப்பேச்சிற்கு ஒரு குற்றமும் இராது.

அதே பேச்சில் மற்றொரு பிழையும் உண்டு. நாசா அரசாங்கத்தின் துறை. அதற்குப் பங்குகள் இல்லை. ஆனால் இதனை நான் வழுவென்று கொள்ளத் தயங்குகின்றேன். தரகர் வாய்ப்பேச்சில் நாசாவுக்குப் பொருள் செய்து கொடுக்கும் நிறுவனங்களின் பங்குகளை நாசாப் பங்கு என்று சுருக்கிச் சொல்லுதல் இயல்பே. அவ்வாறு விற்றவர் உண்மையிலும் இருந்தனர். அவ்வூர்தியின் திண்ம எரிபொருள் உந்திகளைச் செய்த மார்ட்டன் தயோகால் நிறுவனத்தின் பங்கு அன்று மாலைக்குள் ஏறத்தாழ 12 விழுக்காடு வீழ்ந்தது. விபத்தின் காரணம் ஆராயப்படுமுன்னரே சந்தை குற்றவாளியைக் குறித்துவிட்டது. வாணம் செய்யும் ஊரார் இதனைக் கேட்டு வியப்படையார். மருந்துக்கூடு எங்கே பிளந்தது என்று முதலில் கேட்பவர் அவர்களே.

நிற்க. நம் நாட்டுப் படத்திற்கு வருவோம். ஷங்கர் இயக்கத்தில், சுஜாதாவின் வசனத்தோடு, ஏ.வி.எம். நிறுவனத்தார் எடுத்து 2007 ஜூன் 15-இல் வெளியிட்ட ‘சிவாஜி’ கருப்புப் பணத்தையே பொருளாகக் கொண்டது. அமெரிக்காவில் ஈட்டிய செல்வத்தோடு தாயகம் திரும்பும் சிவாஜி, ஏழைகளுக்கு இலவசமாகக் கல்வியும் மருத்துவமும் அளிக்க ஓர் அறநிலையம் தொடங்க முயல்கின்றான். ஆதிசேஷன் என்னும் செல்வனின் சூழ்ச்சியாலும் கையூட்டாலும் அனைத்தையும் இழக்கின்றான். பின்னர்க் கருப்புப் பணம் வைத்திருப்போரை அச்சுறுத்தி அவர் பணத்திற் பாதியைப் பெற்று, அதனை ஹவாலா வழியே அயல்நாடுகளுக்கு அனுப்பி, அங்குள்ளோர் தரும் நன்கொடையாக அறநிலையத்திற்கே வரவழைத்து வெண்பணமாக்குகின்றான். அதிகாரிகள் கைப்பற்றிய மடிக்கணினி அவன் குரலுக்கு மட்டுமே திறப்பது. பிறர் குரலால் திறக்க முயன்றபோது அதிலுள்ளவை யாவும் அழிந்தொழிகின்றன. சான்று அழிந்தது, வழக்கும் மெலிந்தது என்று கதை செல்கின்றது. அவன் சிறையில் மின்சாரத்தைப் பாய்ச்சிக்கொண்டு மாண்டவனாகி, மருத்துவ நண்பரால் உயிர்பெற்று, வேறு பெயரோடு மீள்கின்றான்.

மாண்டவன் மீள்வது உலகமலைவே. ஆனால் அதனைக் குற்றமென்று எழுதிக்கொண்டிருப்போர் கதை கேட்கத் தெரியாதவர். வீரக்கதையில் தலைவன் மீண்டெழுதல் மரபு. திரையரங்கிலிருந்து வெளிவரும் ஒருவரும் அதனை மருத்துவப் பாடமாகக் கொள்வதில்லை. கணினியின் கதை அத்தகையதன்று. சான்று முழுவதும் ஒரு பெட்டிக்குள் இருந்தது, பெட்டி அழிந்தது, ஆகவே சான்றில்லை என்பது கேட்போர்க்கு அறிவுபோலவே தோன்றும். ஈண்டுதான் கலைமலைவு நேர்கின்றது.

பணத்திற்கு ஒரு தன்மை உண்டு. அது தனித்துச் செல்லாது, எழுத்தோடு செல்லும். ஒருவர் ஏட்டில் பற்றாக எழுதப்பட்டது மற்றொருவர் ஏட்டில் வரவாக எழுதப்பட்டே தீரும். சிங்கப்பூரிலிருந்தோ குவைத்திலிருந்தோ ஒருவர் சென்னை வங்கிக்குப் பணம் அனுப்பினால், அனுப்பியவர் வங்கியில் ஓர் எழுத்து, இடைநின்ற வங்கியில் ஓர் எழுத்து, பெற்ற வங்கியில் ஓர் எழுத்து, அறநிலையத்தின் கணக்கில் ஓர் எழுத்து என நான்கு இடங்களில் அது பதிவாகும். சிவாஜி அழித்தது நான்காவதன் படியொன்றை மட்டுமே. மற்ற மூன்றும் அவன் குரலுக்குக் கட்டுப்பட்டவை அல்ல. விருதுநகர்க் கடைகளில் குறிப்பேடு எழுதி, பேரேட்டில் பேர்த்து, ஆண்டிறுதியில் ஐந்தொகை காட்டும் கணக்கப்பிள்ளை எவரைக் கேட்டாலும், தன் பேரேட்டைக் கிழித்தெறிந்தவனால் எதிர்க்கடைப் பேரேட்டைக் கிழிக்க முடியுமா என்று சிரிப்பார்.

லூக்கா சுவிசேஷத்தின் 16-ஆம் அதிகாரத்தில் வரும் அநீதியுள்ள உக்கிராணக்காரனுக்கே இது தெரிந்திருந்தது. வேலையிலிருந்து நீக்கப்படப் போகின்ற அவன், தன் எஜமானின் கணக்கைத் தான் மட்டும் அழித்துவிட்டுப் போகவில்லை. கடன்காரரை ஒவ்வொருவராக அழைத்து, எண்ணெய் 100 குடம் என்றிருந்த சீட்டை 50 என்றும், கோதுமை 100 கலம் என்றிருந்த சீட்டை 80 என்றும் அவரவர் கையாலேயே எழுதச் செய்தான். சீட்டு இருபுறமும் ஒத்திருந்தாலன்றிப் பொய் நிலைக்காது என்பது அவ்வுவமையின் காலத்திலேயே உலகறிந்த செய்தி. இருபதாம் நூற்றாண்டு கழிந்தபின் வந்த படத்தில் அது மறக்கப்பட்டது.

இனி ஆகமமலைவு. வங்கியின் ஏட்டிலிருந்து முறைப்படி சான்றளித்து எடுக்கப்பட்ட படியை நீதிமன்றம் சான்றாக ஏற்கும் என்று வங்கியாளர் ஏட்டுச் சான்றுச் சட்டம் 1891-ஆம் ஆண்டிலேயே விதித்தது. படம் வெளிவருவதற்கு 116 ஆண்டுகள் முன்னர் என்க. சட்டவிரோதப் பணப் பரிமாற்றத்தைத் தடுக்க 2002-இல் இயற்றப்பட்ட சட்டம் 2005 ஜூலை 1-ஆம் நாள் அமலுக்கு வந்தது. அதன்கீழ் 10 இலட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட ரொக்க நடவடிக்கைகளை வங்கிகள் தாமே மத்திய அரசின் நிதிப் புலனாய்வுப் பிரிவுக்குத் தெரிவித்தல் கடமை. கதை இவையொன்றும் பிறவாத உலகத்தில் நடப்பதுபோல் நடக்கின்றது.

அயல்நாட்டு நன்கொடை என்னும் வாயிலும் படத்திற் காட்டப்படுவது போல அகலத் திறந்து கிடப்பதன்று. மிஷன் கல்லூரியிற் பயிலும் நமக்கு இஃது எளிதில் விளங்கும். அப்போது நடைமுறையிலிருந்த 1976-ஆம் ஆண்டின் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டப்படி, உள்துறை அமைச்சகத்திற் பதிவு பெறாமலோ முன்னனுமதி பெறாமலோ ஓர் அறநிலையம் அயல்நாட்டாரிடமிருந்து பணம் வாங்கலாகாது. 2010-ஆம் ஆண்டுச் சட்டம் அதன் இடத்திற்கு வந்து பிடியை இறுக்கிற்று. 2020-ஆம் ஆண்டுத் திருத்தத்தின் பின்னர் அத்தகைய பணம் யாவும் முதற்கண் புதுதில்லியிலுள்ள ஸ்டேட் வங்கியின் கிளையொன்றிற்கே வந்து சேரல் வேண்டும். அயல்நாட்டில் வாழும் இந்தியக் குடிமக்கள் தம் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியே அனுப்புவது இவ்வகையில் அடங்காது என்பது உண்மையே. படத்திற்கு வழக்காடுவோர் இதனை எடுத்துக்காட்டலாம். ஆனால் அனுப்பியவர்க்கு அப்பணம் எங்கிருந்து வந்தது என்னும் வினா அப்பொழுதும் எஞ்சிநிற்கும். அவ்வினாவை எவரும் கேளாதிருத்தலே கதைக்குக் கட்டாயமாயிற்று.

அறநிலையம் கட்டுதற்குப் பணம் திரட்டிய வேறொரு முறை எங்கள் ஊரில் உண்டு என்பதை இவ்விடத்தில் சொல்லாமல் செல்ல மனம் வரவில்லை. விருதுநகர் விருதுபட்டியாய் இருந்த காலத்தில், 1889-இல் க்ஷத்திரிய வித்தியாசாலை தொடங்கப்பட்டது. வணிகர் தாம் விற்கும் சரக்கின்மேல் மகமை என்று ஒரு சிறு தொகை ஒதுக்கினர். இல்லந்தோறும் உலையிலிடுமுன் ஒரு பிடி அரிசி எடுத்து வைத்தனர். அப்பிடியரிசியில் நடந்த பள்ளியில்தான் காமராசர் படித்தார். பிடியரிசியைப் படமாக்கினால் கைதட்டல் கிடைக்குமா என்பது வேறு வினா.

ஒரு படத்தின் கணக்குப் பிழைக்கு இத்துணை வாதம் வேண்டுமோ என்று கேட்கலாம். சிவகாசியையும் அதனைச் சூழ்ந்த சிற்றூர்களையும் அறிந்தவர் அவ்வாறு கேளார். பட்டாசு, தீப்பெட்டி, அச்சு ஆகிய தொழில்களில் வாரக்கூலி பெறும் குடும்பங்கள் சிறுகச் சிறுகச் சேர்க்கும் பணம் சீட்டுகளில் போகின்றது. தீபாவளிச் சீட்டு, நகைச் சீட்டு, பண்டச் சீட்டு என அவற்றின் பெயர்கள் பல. சீட்டு நடத்துவோர் 1982-ஆம் ஆண்டின் சீட்டு நிதிச் சட்டப்படி பதிவு பெற்றவரா என்று கேட்டறிந்து சேருவோர் சிலரே. சட்டமும் வங்கியும் எவ்வாறு இயங்குகின்றன என்பதை இவர்களுள் பலர் கற்றது பள்ளியிலும் அன்று, நாளிதழிலும் அன்று, திரையரங்கிலேதான். அறக்கட்டளைக்கு அயல்நாட்டிலிருந்து கோடிக்கணக்கில் நிதி வந்து காத்திருக்கின்றது, அதனை விடுவிப்பதற்குச் சிறிது முன்பணம் கட்டுங்கள், பன்மடங்காகத் தருவோம் என்று சொல்லி ஏமாற்றுவது தமிழ்நாட்டில் வழங்கும் மோசடி வகைகளுள் ஒன்று. அதனைக் கேட்பவர் உடனே நம்புவதற்குக் காரணம், அத்தகைய நிதி வருவதைத் தாம் முன்னமே கண்ணாற் கண்டிருக்கின்றோம் என்னும் மயக்கமே. கண்டது திரையில் என்பது அந்நேரத்தில் நினைவிற்கு வருவதில்லை. மலர்வளையம் கைமாறியதால் ஒருவரும் ஒரு காசும் இழந்திலர்.

மறுதலையாக, பணத்தைப் பற்றிய படம் மெய்யுரைத்தால் அது காப்பாகவும் ஆகும். எச். வினோத் இயக்கி 2014-இல் வந்த ‘சதுரங்க வேட்டை’யை எனது சான்றாகக் காட்டுவேன். மண்ணுளிப் பாம்புக்குக் கோடி விலை, ஆள் சேர்த்தால் பணம் பெருகும் சங்கிலித் திட்டம், அரிசியை ஈர்க்கும் கலசம் என்று அப்படம் காட்டும் ஏமாற்றுகள் இந்நாட்டில் உள்ளனவே. ஏமாற்றுவோன் முதலிற் கேட்பது பணத்தை அன்று, எதிரியின் ஆசையை என்பதை அப்படம் படிப்படியாகக் காட்டுகின்றது. சங்கிலித் திட்டங்களை 1978-ஆம் ஆண்டுச் சட்டமே தடை செய்திருக்கின்றது. வைப்பீட்டாளர் நலனைக் காக்கத் தமிழ்நாட்டுச் சட்டம் ஒன்றும் 1997-இல் வந்தது. சட்டங்களைப் படியாதார் அப்படத்தைப் பார்த்து எச்சரிக்கை பெற்றிருப்பர்.

இனி வழுவமைதி. தொல்காப்பியனாரும் நன்னூலாரும் வழுவைச் சொன்னதோடு, வழுவாயினும் அமைத்துக்கொள்ளத் தக்கனவற்றையும் சொன்னார்கள். உவகை மிகுதியால் தன் பசுவை அம்மை வந்தாள் என்பவன் திணை மயங்கினான். ஆனால் மயங்கியதை அவனும் அறிவான், கேட்பவனும் அறிவான். வடமொழித் தண்டியாரும், மாறுபாடுகள் கவிஞன் திறத்தால் சிலபோது குற்றம் நீங்கிக் குணமாகும் என்பார். அறிந்தே செய்தல், அறிவித்துச் செய்தல் என்னும் இரண்டும் இங்கு வேண்டற்பாலன.

இவ்விரண்டனுக்கும் ஒருங்கே எடுத்துக்காட்டாவது ஆடம் மெக்கே 2015-இல் எடுத்த ‘தி பிக் ஷார்ட்’. அமெரிக்க வீட்டுக்கடன் சந்தை 2008-இல் நொறுங்கிய வரலாற்றைக் கூறும் அப்படத்தில், இளைஞர் இருவர் ஒரு பெரிய வங்கியின் முன்கூடத்தில் ஓர் அறிக்கையைத் தற்செயலாகக் கண்டெடுக்கின்றனர். அதனால் அவர்களுக்கு முழுச் செய்தியும் விளங்குகின்றது. உடனே அவ்விருவருள் ஒருவர் நம் பக்கம் திரும்பி, மெய்யாக நடந்தது இவ்வாறன்று, நண்பர் வாயிலாகவும் ஏட்டின் வாயிலாகவுமே அறிந்தோம் என்று சொல்லிவிடுகின்றார். வழுவையும் காட்டி அமைதியையும் அவ்விடத்திலேயே கூறிய படம் அது.

2024-ஆம் ஆண்டுத் தீபாவளி நாளாகிய அக்டோபர் 31-இல் தெலுங்கிலும் தமிழிலும் பிறமொழிகளிலும் வெளிவந்த ‘லக்கி பாஸ்கர்’ வேறொரு வழியை மேற்கொண்டது. வெங்கி அட்லூரி இயக்கிய அப்படம் ஹர்ஷத் மேத்தாவின் 1992-ஆம் ஆண்டு ஊழலைப் பின்னணியாகக் கொண்டது. மேத்தா அதில் ஹர்ஷா மெஹ்ராவானார். வங்கியும் மகதா வங்கி என்று கற்பிதப் பெயர் பெற்றது. பெயரை மாற்றியதால் நிகழ்ச்சிகளையும் ஓரளவு மாற்றிக்கொள்ளும் உரிமை கதைக்குக் கிடைத்தது. இதனை நான் அமைதியென்றே கொள்வேன். உண்மையில் நடந்ததைச் சுருங்கச் சொல்லின், அரசுப் பத்திரங்களை விற்ற வங்கி அவற்றைக் கையிற் கொடாது வங்கி இரசீது ஒன்றைக் கொடுத்தல் அக்கால வழக்கம். பத்திரமே இல்லாத சிறு வங்கிகளிடமிருந்து அத்தகைய இரசீதுகளைத் தரகர் பெற்றனர். கிட்டங்கியில் மூட்டையே இல்லாதபோது மூட்டைக்கு இரசீது எழுதிய கதைதான். அவ்விரசீதை நம்பிப் பெரிய வங்கிகள் கொடுத்த பணம் பங்குச்சந்தையிற் பாய்ந்தது. 1992 ஏப்ரல் 22-ஆம் நாள் பம்பாய்ப் பங்குக் குறியீடு 4467 என்னும் உயரத்தைத் தொட்டது. மறுநாள் சுசேதா தலாலின் செய்தி டைம்ஸ் ஆஃப் இந்தியாவில் வெளிவந்தது. ஜானகிராமன் குழுவினர் கணக்கிட்ட தொகை 4000 கோடி ரூபாய்க்கு மேல்.

குற்றங்காண்போர் தாமே வழுவுதலும் உண்டு. 1983-இல் வந்த ‘டிரேடிங் பிளேசஸ்’ என்னும் நகைச்சுவைப் படத்தில், ஆரஞ்சு விளைச்சல் பற்றிய அரசாங்க அறிக்கையை வெளியிடுமுன் திருடி அதனால் பொருளீட்ட இரு முதியவர் முயல்கின்றனர். சரக்குச் சந்தையில் இவ்வாறு வாணிகம் செய்தல் குற்றமல்லவா, படத்தில் அதற்குத் தண்டனை காணோமே என்று எவரேனும் குறை கூறின், அவர் சட்டமறியாதவராவார். அமெரிக்கச் சட்டத்தில் அரசாங்கச் செய்தியை இவ்வாறு பயன்படுத்துதலுக்குத் தடை 2010-இல்தான் வந்தது. அப்பிரிவை அப்படத்து நடிகர் எட்டி மர்ஃபியின் பெயரால் வழங்குவதும் உண்டு. படம் சட்டத்திலிருந்த ஓட்டையை உள்ளவாறே காட்டிற்று. சட்டம் 27 ஆண்டுகள் கழித்துத் தன்னைத் திருத்திக்கொண்டது.

கடைசியாக ஒரு நுட்பம். கவி தானாகக் கூறுவது வேறு, கவி படைத்த பாத்திரம் கூறுவது வேறு. சசி இயக்கி விஜய் ஆண்டனி நடித்து 2016 மார்ச்சு 4-இல் வந்த ‘பிச்சைக்காரன்’ படத்தில் ஒரு பிச்சைக்காரர், 500 ரூபாய்த் தாளையும் 1000 ரூபாய்த் தாளையும் ஒழித்துவிட்டால் ஊழலும் வறுமையும் ஒழியும் என்னும் கருத்தை உரைக்கின்றார். எட்டுத் திங்கள் கழித்து, நவம்பர் 8-ஆம் நாள் இரவு, அவ்விரு தாள்களும் செல்லாவென்று பிரதமர் அறிவித்தார். படத்தை முன்னறிவிப்பென்று வியந்து பலரும் அக்காட்சியைப் பகிர்ந்துகொண்டனர். கருப்புப் பணம் பெரும்பாலும் தாளாகவே கட்டிவைக்கப்பட்டிருக்கும் என்பது அக்கருத்துக்கு அடிப்படை. அவ்வாறாயின் பெருந்தொகை வங்கிக்குத் திரும்பாமலே அழிந்திருத்தல் வேண்டும். செல்லாதென்ற தாள்களில் 99.3 விழுக்காடு திரும்பிவிட்டது என்று ரிசர்வ் வங்கி 2018-இல் தன் ஆண்டறிக்கையிற் கூறிற்று. நிலமாகவும் பொன்னாகவும் கட்டடமாகவும் மாறிய பணத்தைத் தாள் ஒழிப்புத் தீண்டாது.

எனினும் இதனைப் படத்தின் உலகமலைவு என்று எழுத என் கை வரவில்லை. சொன்னவர் தெருவோரத்தில் இரப்பவர். பெருந்தொகைத் தாளைக் கண்டறியாத ஒருவர்க்குச் செல்வரின் செல்வம் முழுவதும் அத்தாளாகவே தோன்றுதல் அவர் இயல்புக்குப் பொருந்தும். ஆகவே பாத்திரத்தின் கூற்றாக அது வழாநிலையே. அதனைப் பொருளாதார நூலாகக் கொண்டோரிடத்துத்தான் மலைவு. 1000 ரூபாய்த் தாளே கூடாது என்ற அவர்க்கு மறுமொழி போல, அதனினும் இருமடங்கான 2000 ரூபாய்த் தாள் அதே நவம்பரில் வெளிவந்தது. 2023 மே 19-இல் அதனைத் திரும்பப் பெறுவதாக ரிசர்வ் வங்கி அறிவித்தது.